பழைய லேப்டாப்புக்கு ஓ.எஸ். போட்டுத் தரும் கடைக்காரர்களுக்கு

அன்புள்ள லேப்டாப் சர்வீஸ் கடை நண்பர்களுக்கு,

வணக்கம். நான் பள்ளியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். என் மாணவர்களின் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அண்ணனோ அக்காவோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய லேப்டாப்தான். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவையும் அவற்றில் உண்டு. மெஷின் இழுக்க ஆரம்பித்தால் உங்களிடம்தான் கொண்டுவருகிறார்கள். நீங்களும் பார்மட் அடித்து விண்டோஸ் 7 போட்டு மாலையே கையில் கொடுத்துவிடுகிறீர்கள். குப்பைக்குப் போக வேண்டிய மெஷினைப் பிள்ளைகள் கையில் திரும்ப வைப்பது நீங்கள்தான். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். அப்டேட்டை அணைத்துவைத்து மெஷினைக் கொடுக்காதீர்கள்.

ஏன் அணைக்கிறீர்கள் என்பது புரிகிறது. பென்டிரைவில் இருப்பது ஏற்கெனவே ஆக்டிவேட் செய்த காப்பியாக இருந்தால், அப்டேட் ஓடியதும் திரை கறுத்து ‘இது அசல் இல்லை’ என்று காட்டிவிடும். மறுநாள் காலையில் கஸ்டமர் கடை வாசலில் நிற்பார். அசல் காப்பியிலும் சிக்கல் உண்டு. விண்டோஸ் 7-க்கு அதுவரை வந்த திருத்தங்களின் தொகுப்பான சர்வீஸ் பேக் 1 வந்தது 2011 பிப்ரவரியில். அதைப் போட்டு அப்டேட் தேடச் சொன்னால் பச்சைக் கோடு மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும், 2 ஜி.பி. ராம் முழுவதும் அதற்கே போய்விடும், கடைசியில் ஒன்றும் இறங்காது. அப்டேட் கோப்பு அசல்தான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்ப முறையை மைக்ரோசாஃப்ட் 2019-இல் ஷா-2 என்ற புதிய முறைக்கு மாற்றியது. 2011-ஆம் ஆண்டு விண்டோஸுக்கு அந்தக் கையொப்பத்தைப் படிக்கத் தெரியாது.

ஆனால் அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதை 2017 மே மாதம் பார்த்தோம். வானாக்ரை என்ற வைரஸ் நெட்வொர்க் வழியாக மெஷினுக்கு மெஷின் தானாகத் தாவி, கோப்புகளைப் பூட்டிவிட்டு பிட்காயினில் பணம் கேட்டது. மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டிருந்தது. 2011 காப்பியை இன்று அப்படியே போட்டுக் கொடுத்தால், அதே ஓட்டை திறந்தபடியே ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போகிறது. அந்த மெஷினில்தான் ஸ்காலர்ஷிப் விண்ணப்பமும் அப்பாவின் வங்கிக் கணக்கு எண்ணும் ஏறப்போகின்றன.

இதைச் சரிசெய்யப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற இணையதளத்திலிருந்து மூன்று அப்டேட் கோப்புகளை ஒருமுறை இறக்கி உங்கள் பென்டிரைவிலேயே வைத்துக்கொள்ளலாம். 32 பிட்டுக்குத் தனி, 64 பிட்டுக்குத் தனி. சர்வீஸ் பேக் 1 போட்டதும், நெட் கொடுக்காமல், முதலில் கே.பி. 4490628 (கே.பி. என்பது அப்டேட்டின் அடையாள எண்), அப்புறம் ஷா-2 கையொப்பத்தைப் படிக்க வைக்கும் கே.பி. 4474419. ரீஸ்டார்ட். அதன் பிறகு கே.பி. 4534310. கடைசியில் சொன்னது 2020 ஜனவரி 14-ஆம் தேதி, விண்டோஸ் 7-க்கான ஆதரவு முடிந்த அன்று வந்த மாதத் தொகுப்பு. வானாக்ரை ஓட்டையும் அதில் அடைபடும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் பக்கத்திலேயே உட்கார வேண்டியதில்லை. அதை ஓடவிட்டு அடுத்த மெஷினின் கீபோர்டை மாற்றலாம்.

விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கீ விஷயத்தில், லேப்டாப்பின் அடியிலோ பேட்டரிக்குக் கீழேயோ ஒட்டியிருக்கும் விண்டோஸ் ஸ்டிக்கரைப் பாருங்கள். எழுத்து அழியாமல் இருந்தால், அதே எடிஷனைப் போட்டு அந்தக் கீயையே முயன்று பாருங்கள். கஸ்டமர் காசு கொடுத்து வாங்கிய உரிமை அது.

இவ்வளவு செய்தாலும் அது 2020-ஓடு நின்றுபோன விண்டோஸ்தான். குரோம் அதில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. இதைக் கஸ்டமரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பேஜ்மேக்கரும் பழைய தமிழ் ஃபாண்டும் வேண்டும் என்று வரும் அச்சகத்துக்காரருக்கு விண்டோஸ் 7 போட்டுத்தான் ஆக வேண்டும், சரி. நெட் கொடுக்காமல் பயன்படுத்தச் சொல்லுங்கள். இணையமும் டைப்பிங்கும் போதும் என்கிற பிள்ளைக்கு விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஓ.எஸ். ஆன லினக்ஸ் மின்ட் போட்டுக் காட்டுங்களேன். அதன் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பழைய மெஷினிலும் ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் வைத்துக்கொள்ளலாம், அப்டேட்டும் தொடர்ந்து வரும். அரசு கொடுத்த லேப்டாப்பில், இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. லினக்ஸ் அந்த வீடுகளுக்கு முழுக்கப் புதிதும் அல்ல.

பார்மட்டுக்கு முன்னால் இன்னொன்று. “டேட்டா ஏதாவது வேணுமா?” என்று கேட்டால் பலர் “டி டிரைவ்ல இருக்கு” என்பார்கள். டெஸ்க்டாப்பில் கிடப்பதும் டவுன்லோட்ஸில் கிடப்பதும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியாது. கல்யாண போட்டோ முழுக்க டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் இருக்கும். மெஷினைத் திறந்து, அந்த இரண்டு இடத்தையும் அவர்கள் கண் முன்னாலேயே காட்டிக் கேளுங்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத லேப்டாப்புகள் இனி வரிசையாக உங்கள் மேசைக்குத்தான் வரும். எந்தப் பதிப்பு போட்டீர்கள், எந்த மாதம் வரை அப்டேட் ஏற்றினீர்கள் என்று பில்லின் பின்பக்கம் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். வகுப்பில் அந்த மெஷினைத் திறக்கும்போது எனக்கு அது போதும்.

அன்புடன்,
ஒரு கணினி ஆசிரியர்