எலன் உட்மனின் படத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

நாகர்கோவிலில் இருந்துகொண்டு, 150 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்துச் சிறையில் எடுத்த பெண் கைதிகளின் படங்களை ஆராய்கிறேன் என்றபோது சிரிக்காமல் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். கட்டுரை ஒருவழியாக முடிந்துவிட்டது. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் உள்ள டைன் அண்ட் வேர் ஆவணக் காப்பகம். 1871 முதல் 1873 வரை நியூகாசில் சிறையில் எடுத்த படங்களைப் பெயர், வயது, குற்றம், தண்டனை விவரத்தோடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். காசு கேட்டிருந்தால் என் ஆராய்ச்சி அன்றைக்கே முடிந்திருக்கும். எலன் உட்மனை அங்கேதான் பார்த்தேன். வயது 11. இரும்பு திருடியதற்காக 7 நாள் கடுங்காவல். கூடச் சிக்கிய மூன்று சிறுமிகளில் மூத்தவளுக்கே 14 வயதுதான்.

நியூகாசிலில் நர்ஸாக இருக்கும் மார்த்தாண்டத்துத் தோழி, இரவு டியூட்டி முடிந்த கையோடு காப்பகத்துக்குப் போய் நான் கேட்ட பதிவுகளைப் பார்த்துச் சொன்னாள். குளிரைத்தான் திட்டினாள், என்னை இல்லை.

அப்புறம் கோட்டாறு ஸ்டுடியோ அண்ணாச்சி. இவருக்குத்தான் பெரிய கடன்பட்டிருக்கிறேன். பல பெண்களின் கண்கள் வெளிறி, முகம் திட்டுத்திட்டாக, பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. அண்ணாச்சி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஆளுக்க குத்தம் இல்ல, தகட்டுக்க குத்தம்" என்றார். அந்தக் காலத்தில் ஃபிலிமுக்குப் பதில், ரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டை ஈரம் காயும் முன்பே கேமராவில் வைத்துப் படம் எடுத்தார்கள். அந்த ஈரத் தகட்டில் நீலம் வெளுத்து விழும், சிவப்பு கறுத்து விழும். நீலக் கண் வெள்ளையாகும். சிவந்த கன்னமும் முகப் புள்ளிகளும் கரும் திட்டாகும். 1890களில் இத்தாலியக் குற்றவியல் அறிஞர் லாம்ப்ரோசோ, பெண் குற்றவாளிகளின் படங்களை அடுக்கிவைத்து, குற்றம் முகத்திலேயே தெரியும் என்று வாதிட்டார். அவர் ஒரு மத்தியானம் அண்ணாச்சி கடையில் உட்கார்ந்திருக்கலாம்.

ஓய்வுபெற்ற ஜெயில் வார்டர் அக்காவுக்கும் நன்றி. பிற்காலத்து பிரிட்டிஷ் சிறைப் படங்களில் கைதிகள் இரண்டு கைகளையும் நெஞ்சில் விரித்து வைத்திருப்பார்கள். தோளருகே ஒரு கண்ணாடி இருக்கும். ஏதோ சடங்கு என்று நினைத்திருந்தேன். அக்கா ஒரு பார்வையில் சொல்லிவிட்டார்: "அங்க அடையாளம்மா. விரல் குறைஞ்சிருக்கான்னு பாக்க கை, பக்கவாட்டு முகத்துக்குக் கண்ணாடி. ஒரே படத்துல வேலைய முடிச்சிருக்கான்."

சிட்னி பகுதி கட்டுரையில் சிறியதுதான். ஆனாலும் 1989இல் வெள்ளம் புகுந்த கிடங்கிலிருந்து ஏறத்தாழ 1,30,000 போலீஸ் நெகட்டிவ்களைக் காப்பாற்றியவர்களை விட்டுவிட முடியாது. அவர்கள் இல்லையென்றால் லாங் பே பெண்கள் சிறையில் 1925இல் எடுத்த மெட்டில்டா டிவைன் படத்தை நான் பார்த்திருக்க மாட்டேன். முடிதிருத்தும் கடையில் ஒருவன் முகத்தைச் சவரக்கத்தியால் கிழித்து 2 ஆண்டு தண்டனை வாங்கியவர். எல்லாரும் எலன் மாதிரி பாவம் இல்லை, சரிதான்.

"கள்ளிகளுக்க படத்த எதுக்கு மக்களே இப்பிடி பாத்துட்டிருக்க?" என்று கேட்டுக்கொண்டே ராத்திரி கட்டன் சாயா போட்டுத் தந்த அம்மைக்கும் நன்றி. எலனின் வயதைச் சொன்ன பிறகு அப்படிக் கேட்பதை விட்டுவிட்டாள்.

அண்ணாச்சி பணம் வாங்க மாட்டேன் என்கிறார், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கட்டுரையின் முதல் பிரதி வார்டர் அக்காவுக்கு. எழுத்தைப் பெரிதாக அச்சடிக்கச் சொல்லியிருக்கிறார்.