திறமூல சர்வர்களும் பராமரிப்புச் செலவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தரவு மையங்களின் செலவைக் குறைக்கத் மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கும் திறமூல இயங்குதளங்களுக்கு மாற வேண்டும் என்று வலியுறுத்தும் தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். 2017 நவம்பர் முதல் உலகின் முன்னணி 500 மீத்திறன் கணினிகளும் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தில்தான் இயங்குகின்றன என்பதால், அதன் திறன் குறித்து இனி வாதிடத் தேவையில்லை. ஆனால், உரிமக் கட்டணம் மிச்சமாவதையே முதன்மைக் காரணமாகக் காட்டுவது நிர்வாகங்களைத் தவறான கணக்குக்கு இட்டுச் செல்லும். 2029 வரை பராமரிக்கப்படும் என்று நம்பப்பட்ட, லினக்ஸின் இலவச வடிவங்களுள் ஒன்றான சென்ட் ஓஎஸ் 8, 2021 டிசம்பரிலேயே முடித்துக்கொள்ளப்பட்டது; எனினும் மூலநிரல் திறந்திருந்ததால், அறிவிப்பு வந்த சில மாதங்களிலேயே அதே போன்ற அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் அந்த இடத்தை நிரப்பின. உண்மையான ஆதாயம் இந்த மாற்றுவழிதான்.

அந்த வழியில் செல்ல விஷயம் தெரிந்த ஆட்கள் வேண்டும். நான் பணிபுரியும் தரவு மையத்தில் சென்ட் ஓஎஸ் 7ஆம் பதிப்பிலிருந்து மாறியபோது, தரவுத்தளமும் அமைப்புக் கோப்புகளும் சிக்கலின்றி வந்துசேர்ந்தன. ஆனால், பல வட்டுகளை ஒன்றாக இயக்கும் பழைய ரெய்டு அட்டைக்கான டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) புதிய கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், இல்லாததால், ரீபூட் செய்தபின் ஒரு சர்வரில் வட்டுகளே தென்படவில்லை. கெர்னலை நன்கறிந்த பொறியாளர் ஒருவர் இருந்ததால்தான் அது மீண்டது. ஆகவே, மிச்சமாகும் உரிமத் தொகையில் ஒரு பகுதியை, இத்தகைய பொறியாளர்களின் பயிற்சிக்கும், தாங்கள் பயன்படுத்தும் திறமூலத் திட்டங்களுக்கான நன்கொடைக்கும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே நிர்வாகங்கள் ஒதுக்க வேண்டும்.