எங்கள் சாலைக்கு எந்த அட்டவணை? டர்போ பெட்ரோல் கார் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறியியல், சர்வீஸ் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்னை வேளச்சேரியில் வசிக்கும் நான், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் அந்த வகையைச் சேர்ந்த 1 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் ஒன்றை ஐந்து ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். அலுவலகத்துக்குப் போக 9 கிலோமீட்டர். மகளின் பள்ளியும் காய்கறிக் கடையும் 2 கிலோமீட்டருக்குள். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஊருக்குப் போய்வருவேன். இவ்வளவு சின்ன எஞ்சின் 170 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்குவிசை தருவதை நான் வியந்து அனுபவிப்பவன். அந்த எஞ்சினுக்கு எப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று நீங்கள் எங்களிடம் சொல்லும் முறை, எங்கள் ஊரில் அது உண்மையில் ஓடும் நிலைமைக்குப் பொருந்தவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் ஆறியிருந்த நேரத்தில் ஆயில் மட்டத்தைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்தேன். முந்தைய சர்வீஸ் முடிந்து 7,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஆயில் குறைந்திருக்குமோ என்று பார்க்கப் போனால், மேல் கோட்டையும் தாண்டி விரல் நக அளவுக்கு ஏறி நின்றது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை. ஒரு சொட்டை டிஷ்யூ தாளில் விட்டேன். நடுவில் கறுப்பும், அதைச் சுற்றி வேகமாகப் பரவிய வெளிர்மஞ்சள் வளையமுமாக அது தாளின் விளிம்பு வரை ஓடியது. சர்வீஸ் சென்டரில் காட்டியபோது, “இது நார்மல்தான் சார், பத்தாயிரம் ஆனதும் கொண்டுவாங்க” என்றார்கள். நானும் அப்படியே செய்தேன். 48,000 கிலோமீட்டரில், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இரண்டு விநாடி கடகடவென்று செயின் சத்தம் கேட்கத் தொடங்கியது. பிரித்துப் பார்த்ததில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் நீண்டிருந்தது. வாரண்டி முடிந்திருந்ததால், செலவு 40,000 ரூபாயைத் தாண்டியது. ஒரு சர்வீஸைக்கூட நான் தள்ளிப்போட்டதில்லை. எல்லா பில்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

ஆயில் மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் ஆயில் படும் பாடு வேறு என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பழைய முறையில் வால்வுக்கு வெளியே 3, 4 பார் அழுத்தத்தில் தூவப்பட்ட பெட்ரோல், இப்போது 200 முதல் 350 பார் அழுத்தத்தில் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. எஞ்சின் சூடேறாத நேரத்தில் அதில் ஒரு பகுதி ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து ஆயிலில் இறங்கிவிடுகிறது. நீண்ட பயணத்தில் ஆயில் நன்றாகக் காய்ந்தால் அது ஆவியாகி வெளியேறும்; 2 கிலோமீட்டர் போய் நிறுத்தினால் அங்கேயே தங்கிவிடும். ஏற்கெனவே 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில்களைப் பயன்படுத்தச் சொல்கிறீர்கள். அதில் பெட்ரோலும் கலந்தால் சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்கைக் காக்கும் ஆயில் படலம் இன்னும் மெலிகிறது. இந்த எஞ்சின்களில் உண்டாகும் நுண்கரியும் ஆயிலில் சேர்ந்து செயினின் மூட்டுகளைத் தேய்க்கிறது. 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏ.பி.ஐ.) ‘எஸ்.பி.’ என்ற ஆயில் தரத்தில் டைமிங் செயின் தேய்மானத்துக்கென்றே தனிச் சோதனை சேர்க்கப்பட்டது இதனால்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறையும் அல்ல. 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரில், எஞ்சினை அணைத்த பிறகும் அது சுழன்று நிற்கும்வரை பம்ப் பெட்ரோலை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்ததால், ஆயிலில் பெட்ரோல் கலப்பது அன்றே பெயர்பெற்ற தொல்லையாக இருந்தது. 2018இல் சீனாவில் ஹோண்டா சி.ஆர்.வி. கார்களின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின்களில் ஆயில் மட்டம் உயர்வதாகப் புகார்கள் குவிந்து, அந்தக் காரின் விற்பனையே சில காலம் நின்றது. அங்கே கடுங்குளிர் ஒரு காரணம் என்றார்கள். எங்களுக்குக் குளிர் இல்லை என்றாலும், எஞ்சின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் பயணங்கள் உண்டு.

இனி, நான் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். கையேட்டின் பின்பக்கங்களில் ‘கடுமையான பயன்பாடு’ என்று ஓர் அட்டவணை இருக்கிறது. குறுகிய தூரம் திரும்பத் திரும்ப ஓட்டுவது, நெடுநேரம் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது, புழுதிச் சாலை, வெப்பமான பகுதியில் நெரிசலான போக்குவரத்து ஆகியவற்றைச் சொல்லி, அப்படியானால் ஆயிலைச் சீக்கிரமே மாற்றும்படி அதில் கூறுகிறீர்கள். சில கையேடுகளில் அந்த வெப்ப அளவு 32 டிகிரி என்றே அச்சாகியிருக்கிறது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி பகல் வெப்பம் அதைத் தாண்டும். பள்ளிக்கரணைச் சிக்னலில் மே மாதப் பகலில் ஏ.சி. போட்டுக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு காரும் அந்த அட்டவணைக்குள் வந்துவிடுகிறது. அப்படியிருக்க, கார் டெலிவரி எடுத்த நாளிலோ, அதற்குப் பின் நடந்த எந்த சர்வீஸிலோ, அப்படி ஓர் அட்டவணை இருப்பதாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. நானாகத் தேடி, செயின் நீண்ட பிறகுதான் அதைப் படித்தேன்.

கிலோமீட்டரை மட்டும் வைத்துக் கணக்கிடுவதும் எங்களை ஏமாற்றுகிறது. என் காரின் திரை காட்டும் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். அப்படியென்றால் 10,000 கிலோமீட்டருக்குள் ஆயில் 500 மணி நேரம் உழைத்திருக்கிறது. நெடுஞ்சாலையிலேயே சராசரி 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரில் அதே தூரத்துக்கு அது 143 மணி நேரம்தான். இருவருக்கும் ஒரே எண்ணைச் சொல்வது எந்தப் பொறியியலில் சேரும்? ஓடிய நேரத்தையும் வெப்பத்தையும் எஞ்சினின் கணினி ஏற்கெனவே அறிந்திருக்கிறது. அதைக் கொண்டு ஆயிலின் மீதி ஆயுளைக் கணக்கிட்டுச் சொல்லும் முறையை ஜெனரல் மோட்டார்ஸ் 1980களின் இறுதியிலேயே தன் கார்களில் கொண்டுவந்துவிட்டது. சன்ரூஃபைக் குரலால் திறக்க வசதி செய்து தரும் நீங்கள் இதைச் செய்ய முடியாது என்றால் நம்புவது கடினம்.

டொயோட்டா தன் சொந்த நாடான ஜப்பானில், சாதாரண பெட்ரோல் எஞ்சினுக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு என்றும், டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்றும் வாடிக்கையாளர்களுக்கு வெளிப்படையாகச் சொல்கிறது. கடுமையான பயன்பாடு என்றால் இவையும் பாதியாகக் குறையும். இங்கே சாதாரண எஞ்சினுக்கும் டர்போவுக்கும் ஒரே இடைவெளியைச் சொல்லிவிட்டு, ‘பராமரிப்புச் செலவு குறைவு’ என்று விளம்பரம் செய்கிறீர்கள். அந்தக் குறைவு வாரண்டிக் காலத்துக்குள் உங்கள் கணக்கில் வரவாகிறது. காரைப் பத்து ஆண்டு வைத்திருக்க நினைப்பவருக்கும், அதை அவரிடமிருந்து வாங்குபவருக்கும் அது செலவாகத் திரும்புகிறது.

சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்லெட் வால்வில் படியும் கரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்ரோல் அந்த வால்வைத் தொட்டுக் கழுவாததால், டேங்கில் எந்த கிளீனரை ஊற்றினாலும் அங்கே போய்ச் சேராது. என் மெக்கானிக் கேமரா விட்டுக் காட்டியபோது, பல நாள் தேய்க்காத வடைச்சட்டியின் அடிப்பாகம் போல இருந்தது. வால்நட் ஓட்டுத் துகளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் முறை இருக்கிறது என்றும், அதை எப்போது பார்க்க வேண்டும் என்றும் கையேட்டில் ஒரு வரி சேருங்கள், போதும்.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ‘கடுமையான பயன்பாடு’ அட்டவணையை நகரத்தில் ஓட்டுபவர்களுக்கான வழக்கமான அட்டவணையாக முன்பக்கத்தில் அச்சிடுங்கள். காரை எங்கே, எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டு ஜாப் கார்டில் பதிவு செய்ய சர்வீஸ் அட்வைசர்களுக்குச் சொல்லுங்கள். பில்லில் ‘எஞ்சின் ஆயில் 3.6 லிட்டர்’ என்று மட்டும் போடாமல், அது எந்த கிரேடு, எந்தத் தரம் என்பதையும் எழுதச் செய்யுங்கள். பீப்பாயிலிருந்து என்ன ஊற்றப்பட்டது என்பதை அறிய எனக்கு வேறு வழி இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது என்று ஒருவர் வந்து சொன்னால், எந்த அளவு வரை சரி, எதற்கு மேல் உடனே மாற்ற வேண்டும் என்ற வரம்பை எல்லா சர்வீஸ் சென்டர்களுக்கும் எழுத்தில் கொடுங்கள்.

இப்போது நான் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என் செலவில் ஆயில் மாற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டரில், “இன்னும் நேரம் இருக்கே சார், எதுக்கு இப்பவே?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்லித்தர வேண்டும்.

இப்படிக்கு,
நேரடி இன்ஜெக்‌ஷன் கார் உரிமையாளர் ஒருவர்,
வேளச்சேரி, சென்னை