எலியிலா, மனிதரிலா என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணின் மேற்பரப்பை அழற்சியிலிருந்து தாவரச் சாறுகள் காக்கும் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண் மருத்துவமனையில் நோயாளிகளின் கண்ணீரை அளந்து, கருவிழியைப் பரிசோதித்துக் குறித்துத் தரும் வேலையில் இருப்பவள் நான். ஆய்வு நடந்தது செல்லிலா, எலியிலா, மனிதரிலா என்று கட்டுரை சொல்லவில்லை; அதற்காகவே இதை எழுதுகிறேன்.

கண் உலர்வு முற்றியவரின் கண்ணில் ஃப்ளோரசீன் சாயத்தைத் தொட்டு, நீல ஒளியில் பார்த்தால் கருவிழி முழுக்கப் பச்சைப் புள்ளிகள் ஒளிரும். ஒவ்வொரு புள்ளியும் செல்கள் சேதமடைந்த இடம். கண்ணீர் குறைந்தால் அதில் உப்பின் செறிவு ஏறுகிறது. அது உறுத்தியதும் மேற்பரப்புச் செல்கள் அழற்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. கண்ணீர்ப் படலத்தைத் தாங்கிப் பிடிக்கும் சளியைச் சுரக்கும் செல்கள் இதனால் அழிகின்றன. படலம் இன்னும் சீக்கிரம் கிழிகிறது. இந்தச் சுழலை ஸ்டீராய்டு சொட்டு மருந்து விரைவாக அடக்கும். ஆனால் நீண்ட காலம் விட்டுக்கொண்டே இருந்தால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரை வளரலாம். அதனால் தாவரத்திலிருந்து நல்லதொரு மாற்று கிடைத்தால் என்னைவிட மகிழ்பவர் இருக்க முடியாது.

தேயிலையில் உள்ள ஈஜிசிஜி, மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற இரண்டு பொருள்களும் ஆய்வகத்தில் வளர்த்த கருவிழிச் செல்களில் அழற்சிப் புரதங்களைக் குறைத்தது உண்மைதான். ஆனால் கண்ணாடித் தட்டில் இருக்கும் செல் இமைப்பதில்லை. கண்ணில் விட்ட சொட்டிலோ பெரும்பகுதி சில நிமிடங்களில் வழிந்தும் மூக்குக்குள் வடிந்தும் போய்விடும். குர்குமின் தண்ணீரில் எளிதில் கரையாது. வெளிச்சம் பட்டால் சிதையும். மனிதரிடம் சோதிக்கும்போது நம்பிக்கை பொய்த்துப்போவதும் உண்டு. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பு கண் உலர்வைத் தணிக்கும் என்று பலரும் நம்பினார்கள். 535 பேரிடம் ஓராண்டு சோதித்து 2018-இல் முடிவு வெளியானபோது, ஒப்பீட்டுக்காகக் கொடுத்த ஆலிவ் எண்ணெயைவிட அது மேலான பலன் தரவில்லை.

தாவரங்கள் கண் மருத்துவத்துக்குப் புதியவை அல்ல. கண் பாப்பாவை விரிக்கும் அட்ரோபினும் கண் அழுத்தத்தைக் குறைக்கும் பைலோகார்பினும் செடிகள் தந்தவை. புளியங்கொட்டையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் செயற்கைக் கண்ணீரில் சேர்கிறது. ஆனால் இவையெல்லாம் சுத்திகரித்து, அளந்து, கிருமி நீக்கிக் குப்பியில் அடைத்தவை. செடியைப் பறித்துப் பிழிந்த சாற்றில் பாக்டீரியாவும் பூஞ்சையும் இருக்கும். எருக்கம்பால் கருவிழியின் உட்புறச் செல்களையே கெடுத்துவிடும். கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். அப்படி வந்த ஒருவர், "வலிக்கவே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வலி இல்லாததால்தான் அவர் தாமதமாக வந்தார்.

எனவே இத்தகைய செய்திகளின் முதல் பத்தியிலேயே, ஆய்வு நடந்தது செல்லிலா, எலியிலா, மனிதரிலா என்பதைப் போடுங்கள். மனிதர் என்றால் எத்தனை பேர், எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதும் வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம் என்று ஒரு வரியும் சேருங்கள். நோயாளிகள் உங்கள் செய்தியைக் கத்தரித்துக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள்.

இப்படிக்கு,
கண் பரிசோதனைப் பணியாளர் ஒருவர்