பொருத்தித் தருவதாகச் சொல்லி வாங்கிய ட்ரெய்லர் குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: ஜெட் ஸ்கீ ட்ரெய்லரைச் சரியாகப் பொருத்தாமல் ஒப்படைத்தது தொடர்பாக

ஐயா / அம்மா,

வணக்கம். ஜெட் ஸ்கீயை (தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர்) ஏற்றிச் செல்ல உங்களிடம் வாங்கிய ட்ரெய்லர் குறித்து ஏற்கெனவே மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். ட்ரெய்லரின் சட்டத்திலோ (ஃப்ரேமிலோ) வெல்டிங்கிலோ குறை எதுவும் இல்லை, அதனால் உத்தரவாதத்தின் கீழ் எதுவும் செய்வதற்கில்லை என்று பதில் வந்தது. சட்டத்தில் குறை என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அது நன்றாகத்தான் இருக்கிறது. துத்தநாகப் பூச்சில்கூட ஒரு பிசிறு இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, கேட்டதை அப்படியே விட்டுவிட்டீர்கள்.

உங்கள் பில்லில் ட்ரெய்லர் விலைக்குக் கீழே தனியாக ஒரு வரி இருக்கிறது: ‘ஸ்கீக்கு ஏற்பப் பொருத்தி, சரிபார்த்து ஒப்படைத்தல்’. அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கியிருக்கிறீர்கள். அந்த வேலைக்காகவே நண்பரின் ட்ரெய்லரில் ஸ்கீயை ஏற்றி, இழுக்கப்போகும் காரோடு உங்கள் பட்டறையில் கொண்டுவந்து விட்டேன். அந்த ஒரு வரியில் சொன்ன வேலை நடக்கவில்லை என்பதுதான் என் புகார். அளவு எடுக்க ஆளே நேரில் நின்றும் எடுக்காமல் தைத்த சட்டை இது.

முதலில் ஆபத்தானதைச் சொல்லிவிடுகிறேன். ட்ரெய்லரின் கப்ளர், அதாவது காரின் பந்தில் கவிழ்ந்து பூட்டும் முன்முனை, 50 மில்லிமீட்டர் பந்துக்கானது, அதன் மேலேயே அப்படிப் பொறித்திருக்கிறது. காரின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச்சில் உங்கள் ஆட்கள் மாட்டிய பந்தோ 1⅞ அங்குலம், அதாவது சுமார் 47.6 மில்லிமீட்டர். இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. கப்ளரின் தாழ்ப்பாளும் ‘டக்’ என்று நன்றாகவே பூட்டிக்கொள்கிறது. ஒரு பெரிய மேடு ஏறி இறங்கினால் கப்ளர் பந்தைவிட்டு எகிறிவிடும், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் தேவையில்லை. கப்ளரைப் பூட்டிய பிறகு ட்ரெய்லரின் முன்பக்கச் சிறு சக்கர ஜாக்கைச் சுழற்றி அதன் மூக்கைத் தூக்கினால், சரியான பந்தாக இருந்தால் காரின் பின்புறமும் கூடவே எழும்ப வேண்டும். என் வாசலில் அப்படித் தூக்கியபோது கார் அசையவில்லை, கப்ளர் மட்டும் கழன்று மேலே வந்தது. பட்டறையில் ஒரே ஒரு தடவை இதைச் செய்து பார்த்திருந்தால் இந்தப் பந்து அங்கேயே நின்றிருக்கும்.

கப்ளர் கழன்றாலும் ட்ரெய்லரைப் பிடித்துக்கொள்ள வேண்டியவை பாதுகாப்புச் சங்கிலிகள். அவற்றைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும், அப்போதுதான் மூக்கு விழுந்தால் தரையில் குத்தாமல் சங்கிலி மேல் தங்கும். நீங்கள் நேராக மாட்டியிருந்தீர்கள். ஒன்று மிக நீளம். சாலையில் உரசி, அதன் இரண்டு வளையங்கள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கின்றன.

அடுத்தது எடை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள் சார் என்று சொல்லி முடித்துக்கொண்டார். ஸ்கீ வெறுமையாக 370 கிலோ. 70 லிட்டர் டேங்க் நிறைந்தால் பெட்ரோல் மட்டும் சுமார் 52 கிலோ வரும். நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட் என்று ஒரு 18 கிலோ. ட்ரெய்லரின் சொந்த எடை 120. ஆக மொத்தம் 560 கிலோ. இதில் 5 முதல் 10 சதவீதம் கப்ளரின் மேல் இறங்க வேண்டும் என்று நீங்கள் தந்த கையேடே சொல்கிறது. 28 கிலோவுக்கும் 56 கிலோவுக்கும் நடுவில் எங்காவது இருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, கப்ளரை ஓட்டும்போது இருக்கும் உயரத்திலேயே வைத்து, எடை பார்க்கும் மெஷினை அடியில் கொடுத்துப் பார்த்தேன். 19 கிலோ காட்டியது.

மூக்கில் எடை குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். என் ட்ரெய்லரும் அதைத்தான் செய்கிறது. நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கடந்து போனால் அந்தக் காற்றுக்கே இடமும் வலமுமாக ஆடுகிறது, அந்த ஆட்டம் ஸ்டியரிங்கில் தெரிகிறது. அப்படி ஆடும்போது பிரேக்கை அழுத்தாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, தானாக அடங்க விட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் அப்படிச் சமாளிப்பதற்காக யாரும் புது ட்ரெய்லர் வாங்குவதில்லை. இதற்கும் வேகத்தைக் குறைப்பதற்கும் சம்பந்தம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காரணம் அதுவல்ல. ஸ்கீயை ட்ரெய்லர் மேல் இழுத்து ஏற்றும் வின்ச் நிற்கும் தூணைச் சட்டத்தில் மிகவும் பின்னால் தள்ளி இறுக்கியிருக்கிறீர்கள். தூண் பின்னால் இருந்தால் ஸ்கீயும் பின்னால்தான் உட்காரும். தூணின் யூ-போல்ட் நட்டுகளைத் தளர்த்தி, முன்னால் நகர்த்தி, மறுபடி எடை பார்த்து இறுக்குவது எவ்வளவு நேர வேலை என்பதை உங்கள் மெக்கானிக்கையே கேளுங்கள்.

ஸ்கீ பின்னால் உட்கார்ந்ததன் இன்னொரு விளைவு, அதன் பின்முனை, அதைத் தாங்கும் ட்ரெய்லர் கட்டைகளின் முடிவைத் தாண்டி ஒரு சாண் வெளியே தொங்குகிறது. கட்டைகள் ஸ்கீயின் பின்சுவர் வரையாவது தாங்க வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சி ஸ்கீயைத் தள்ளும் பம்ப் பின்னால்தானே இருக்கிறது? தாங்கல் இல்லாத இடத்தில் அந்த எடை தொங்கினால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் கட்டை முடியும் இடத்தில் அடிப்பகுதி மடங்கப் பார்க்கும்.

அப்புறம் கட்டைகளுக்கு இடையிலான அகலம். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே, நெருக்கமாக, கை வைக்காமல் விட்டிருக்கிறீர்கள். வலது கட்டையின் உள்விளிம்பு, தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் இருக்கும் கம்பி வலையின் ஓரத்தில் போய் உட்காருகிறது. கம்பி வலையும் அதற்குப் பின்னால் பம்ப்பின் அடியை மூடும் ரைடு பிளேட் தகடும் எடை தாங்கும் இடங்கள் அல்ல. எந்தப் பகுதியில் தாங்கல் கொடுக்கலாம் என்று ஸ்கீயின் கையேட்டில் படத்தோடு போட்டிருக்கிறது, அந்தப் பக்கத்தின் நகலை உங்களிடம் கையிலேயே கொடுத்தேன். இப்போது கம்பி வலையின் ஒரு போல்ட் வளைந்திருக்கிறது. அதே கட்டையில் கார்பெட்டை விரலால் தடவிப் பார்த்தால் ஓரிடத்தில் போல்ட் தலை தட்டுகிறது. மரத்துக்குள் புதைத்து முடுக்க வேண்டிய போல்ட் அது. அது தட்டும் இடத்துக்கு நேர் மேலே, ஸ்கீயின் அடியில் வெள்ளையாக ஒரு கீறல் நீளமாக ஓடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்து எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன்.

முன்னால் ஸ்கீயின் மூக்கு முட்டி நிற்கும் ரப்பர் உருளை, கொக்கி மாட்டும் வளையத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். மேட்டில் மூக்கு எகிறப் பார்த்தால் உருளை தடுக்கும். நீங்கள் அதை வளையத்துக்குக் கீழே வைத்திருக்கிறீர்கள், அதனால் எகிறுவதைத் தடுக்க எதுவுமே இல்லை, வின்ச் பட்டை ஒன்றுதான் முழுச் சுமையையும் வாங்குகிறது. பின்பக்க ஸ்ட்ராப் இரண்டும் சரியாக இருக்கின்றன. அவற்றில் எனக்குப் புகார் இல்லை.

சக்கர பேரிங் விஷயம் இன்னும் எரிச்சலானது. ஓடிச் சூடான ஹப்பை, அதாவது பேரிங் உட்காரும் சக்கர நடுப்பகுதியை, ஸ்கீயை இறக்கும் சாய்தளத்தில் தண்ணீருக்குள் இறக்கும்போது, உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். இதைத் தடுக்கத்தான் ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடிகள்; உள்ளே கிரீஸை லேசான அழுத்தத்தில் வைத்திருக்கும். பில்லில் அந்த மூடிகள் இரண்டுக்கும் பணம் எடுத்திருக்கிறீர்கள். சக்கரத்தில் இருப்பவையோ சாதாரண தூசி மூடிகள். இடது சக்கரத்தில் உறுமல் கேட்கவே மூடியைக் கழற்றினேன். மூடியின் உட்புறத்தில் மட்டும் கிரீஸ் பூசி, பேரிங் உருளைகளைக் காயவிட்டிருக்கிறார்கள். கையில் ஒட்டியது பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. தண்ணீர் போயிருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

விளக்குகளையும் சொல்லிவிடுகிறேன். இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பின்விளக்குகளும் சேர்ந்து மினுக்குகின்றன. எர்த் வயர் சரியாகத் தொடவில்லை, வேறொன்றுமில்லை.

இத்தனைக்கும் ஒப்படைக்கும்போது ஒரு சரிபார்ப்புத் தாள் கொடுத்தீர்கள். அதில் ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாக டிக் இல்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே கோடு, அடியில் ஒரு கையெழுத்து. ‘கப்ளர் மேல் எடை: ____ கிலோ’ என்ற இடத்தில் எண்ணே இல்லை, கோடு அதன் மேலேயே போகிறது. வெற்றிடத்தின் மேல் கோடு போட்டவருக்கு அது வெற்றிடம் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

பொருத்துவது வாடிக்கையாளரின் பொறுப்பு என்றும் உங்கள் பதிலில் ஒரு வாக்கியம் இருந்தது. சரி, அப்படியென்றால் அந்த வேலைக்கு என்னிடம் பணம் வாங்கியது எதற்கு என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

நான் கேட்பது இதுதான். ட்ரெய்லரையும் ஸ்கீயையும் உங்கள் வண்டியில், உங்கள் செலவில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் நான் அதைச் சாலையில் இழுக்க மாட்டேன். சரியான பந்தும் அளவான சங்கிலிகளும் மாட்டுங்கள். டேங்க் நிரம்பிய ஸ்கீயை ட்ரெய்லரில் வைத்து, கட்டைகள், வின்ச் தூண், உருளை மூன்றையும் அதற்கேற்ப நிறுத்தி, கப்ளர் மேல் இறங்கும் எடையை என் முன்னால் அளந்து தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டு ஹப்புகளுக்கும் புது பேரிங், புது சீல், நான் பணம் கொடுத்த அந்த மூடிகள் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது ஆகாது. எர்த் வயரையும் பார்த்துவிடுங்கள். ஸ்கீயின் அடியில் விழுந்த கீறலையும் வளைந்த போல்ட்டையும் சரிசெய்யும் செலவை நீங்கள் ஏற்க வேண்டும், அந்த வேலையை ஸ்கீ நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில்தான் செய்வேன். பொருத்தும் கட்டணத்தை முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், எந்தத் தேதியில் எடுக்க வருகிறீர்கள் என்பதைத் தெரிவியுங்கள். அதற்குள் பதில் இல்லையென்றால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் பதிவு செய்வேன். பில், சரிபார்ப்புத் தாள், கையேட்டின் அந்தப் பக்கம், படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். அசல்கள் என்னிடம் இருக்கின்றன.

தொலைபேசியில் பேச வேண்டாம், பதிலை எழுத்திலேயே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்