கவிதை வாசிப்பு மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நடந்தவற்றை அவையின் முன் வைக்கிறேன். மாதாந்திர வாசிப்புக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. ஆண்டுவிழாக் கவியரங்கம் சிறப்பாக நடந்தது. யாப்புப் பயிலரங்கு, போதிய பெயர்ப்பதிவு இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டது. நன்கொடையாக வந்த நூல்கள் பதிவேட்டில் ஏற்றப்பட்டுள்ளன.

இனி ஆறுதல் அமர்வு, அதாவது இழப்பின் துயரில் இருப்பவர்களோடு சேர்ந்து ஒரு கவிதையை வாசித்து, பேசி, எழுதும் கூட்டம். இது தொடங்கிய நாளிலிருந்தே, "துக்கம் விசாரிக்கவா மன்றம் வைத்தோம்?" என்று சில உறுப்பினர்கள் கேட்டு வருகிறார்கள். எழுத்திலும் ஆட்சேபம் வந்திருக்கிறது. ஆகவே, என்ன செய்கிறோம், ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதை விரிவாகவே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஓர் அமர்வில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. அதற்கு மேல் போனால் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் பார்வையாளர்களாகி விடுகிறார்கள். ஓர் அமர்வுக்கு ஒரே கவிதை, பத்து வரிக்குள். தாளின் ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுகிறோம், பின்பக்கம் எழுதுவதற்கு. நடத்துபவர் ஒருமுறை வாசிப்பார், மெதுவாக, மேடைக் குரல் இல்லாமல். ஒரு நிமிடம் மௌனம். பிறகு விருப்பமுள்ள ஒருவர் வாசிப்பார். அதன்பின் ஒரே கேள்வி: "எந்தச் சொல்லில் நின்றீர்கள்?" என்ன புரிந்தது என்று கேட்டால் வகுப்பறையாகிவிடும். உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டால் விசாரணையாகிவிடும். சொல்லைப் பற்றிக் கேட்டால், வந்தவர் தன் துயரத்தில் வேண்டிய அளவை மட்டும் வெளியே எடுத்து வைக்க முடிகிறது. மீதியைக் கவிதை மறைத்துக்கொள்கிறது.

அதிகம் சர்ச்சைக்குள்ளானது கவிதைத் தேர்வுதான். தன்னம்பிக்கைப் பாட்டுகளைத் தராதது ஏன் என்று கேட்கிறார்கள். "இடுக்கண் வருங்கால் நகுக" என்பது உயர்ந்த குறள், ஐயமில்லை. ஆனால் இழப்பு புதிதாக இருக்கும்போது அதை நீட்டினால், அழுவதே தப்பு என்றுதான் அவர் காதில் விழும். முதலில் தரும் கவிதை அவர் நிற்கும் இடத்திலேயே நிற்க வேண்டும். தூக்கம் போனவருக்குக் குறுந்தொகையின் 6ஆம் பாட்டைத் தருகிறோம். நான்கே வரி. நள்ளிரவு, ஊர் பேச்சடங்கிவிட்டது, உலகமே உறங்குகிறது, "ஓர்யான் மன்ற துஞ்சா தேனே." அதைப் பாடிய பதுமனார் ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் விழித்துக் கிடப்பவருக்குத் தன்னைப் போல் இன்னொருவரும் விழித்திருந்தது தெரிகிறது.

துக்கத்தோடு கோபமும் வரும். அதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஔவையாரின் "முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்" (குறுந்தொகை 28). இதை மட்டும் எல்லோரும் சேர்ந்து உரக்க வாசிக்க வேண்டும். மூன்றாம் அடியின் "ஆஅ" என்ற அளபெடையைப் பலர் அவசரத்தில் விழுங்கிவிடுகிறார்கள். அங்கே நிறுத்தி, மூச்சு தீரும்வரை நீட்டச் சொல்ல வேண்டும். தன் நோய் அறியாமல் ஊர் தூங்குகிறதே என்ற கடைசி அடி அதற்குப் பிறகுதான் கனம் பெறுகிறது.

பெற்றோரை இழந்தவர்களுக்குப் புறநானூறு 112, பாரி மகளிர் பாடியது. அன்றும் அதே நிலவு, இன்றும் அதே நிலவு. அன்று தந்தையும் குன்றும் இருந்தன, இன்று இரண்டும் இல்லை. இந்த "அன்று, இன்று" அமைப்பையே எழுதுவதற்குச் சட்டகமாகக் கொடுக்கிறோம். வெற்றுத் தாளைக் கண்டு திகைப்பவர்கூட இரண்டு வரி எழுதிவிடுகிறார். புறநானூறு 194ஐச் சில மாதங்கள் கழிந்தவர்களுக்கே தருகிறோம். ஒரு வீட்டில் சாப்பறை, ஒரு வீட்டில் மணமுழவு. உலகம் கொடியது என்று முதலில் ஒப்புக்கொண்ட பிறகே அதைப் பாடிய பக்குடுக்கை நன்கணியார் "இனிய காண்க" என்கிறார். அந்த நம்பிக்கையை ஏற்க மனதுக்கு அவகாசம் வேண்டும்.

எழுதும் நேரம் 15 நிமிடம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு இரவுகள் இதே அளவு நேரம் எழுதினார்கள். நடந்ததையும் அதையொட்டிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் இன்னும் வாடியது என்பதும் அந்த ஆய்விலேயே உண்டு. அதனால்தான் எழுதியவுடன் யாரையும் அனுப்புவதில்லை. கவிதையை மூன்றாம் முறை வாசித்து, பொதுவாகச் சற்றுப் பேசிவிட்டே கலைகிறோம். தாள்களைத் திரும்ப வாங்குவதில்லை. இலக்கணம் அறிந்த உறுப்பினர்கள் சிலர், வந்தவர் எழுதியதில் சீரையும் தளையையும் திருத்தப் போனார்கள். திருத்தப்பட்டவர்கள் மறுமுறை வருவதில்லை என்பதால் அது அறவே கூடாது.

யாராவது அழுதால் வாசிப்பவர் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். "அழாதீங்க" என்று சொல்லக் கூடாது. எழுந்து வெளியே போனால் ஒருவர் கூடப் போக வேண்டும். எனவே நடத்த இருவர் தேவை. வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அங்கே கவிதைக்கு வேலை இல்லை. தனியே அழைத்து, சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டு, வீட்டாருக்குச் சொல்லி, அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

வருகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கவியரங்கத்துக்கு அரங்கு நிறைகிறது. தம் கவிதையை வாசித்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். கடைசியில் வாசிப்பவர் காலி நாற்காலிகளைப் பார்த்து வாசிக்கிறார். பிறர் கவிதையைக் கேட்கப் பொறுமையில்லாத இடத்தில் பிறர் துயரத்தை எப்படிக் கேட்பது? செயற்குழுக் கூட்டங்கள் போதிய வருகையின்றி ஒத்திவைக்கப்பட்டதும் பதிவேட்டில் உள்ளது. ஆறுதல் அமர்வு வேண்டாம் என்றவர்களில் ஒருவரும் அதில் ஒருமுறைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

வரவு செலவு பற்றிப் பொருளாளர் தனியே அறிக்கை தருவார். செலவு வரவுக்குள் அடங்கியது என்றாலும், அடங்கியதற்குக் காரணம் நன்கொடையே தவிரச் சந்தா அல்ல. சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. பெயர்களைப் பலகையில் ஒட்டலாம் என்ற யோசனையை இந்த ஆண்டும் தவிர்த்தோம்.

இடம் தந்தவர்களுக்கும், தாள்களை அச்சிட்டுத் தந்தவருக்கும், தணிக்கையாளருக்கும், வழிகாட்டிய தலைவருக்கும் மன்றத்தின் நன்றி.

வரும் ஆண்டில் அமர்வை மாதம் இருமுறை நடத்தக் கோரிக்கை இருக்கிறது. இப்போது நடத்துபவர் இருவர் மட்டுமே. ஒருவருக்கு உடல்நலம் குன்றினாலும் அமர்வு நின்றுவிடும். செயலாளர் பொறுப்பில் வேறொருவரை அமர்த்த அவை விரும்பினால் முழு மனதோடு ஒத்துழைப்பேன். அமர்வு மட்டும் நிற்கக் கூடாது. புதிதாக நடத்த வருபவர்களுக்கு நல்ல குரலோ புலமையோ தேவையில்லை. இரண்டு அமர்வில் பேசாமல் உட்கார்ந்து கவனித்தால் போதும். பெயர் தர விரும்புவோர் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் தரலாம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே இருப்பார்.