வைசியாள் வீதிக்கு ஒரு பாரீஸ் மழை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? மாமாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். தினம் போனில் பேசுகிறோம், கடிதம் எதற்கு என்பாய். உன்னால் எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். போனில் ஆரம்பித்தால் நடுவில் குக்கர் கத்தும், நீ எழுந்து போய்விடுவாய்.

பாரீஸில் வேலை அதே ரெஸ்டாரன்ட் அடுப்படிதான். மதியச் சாப்பாடு முடிந்ததும் ராத்திரி அடுப்புப் பற்றவைக்கும் வரை நடுவில் விட்டுவிடுவார்கள். குப்பூர் என்பார்கள் இங்கே. அந்த நேரத்தில் வீடு இருக்கும் சார்செல் வரை ரயிலேறிப் போய்த் திரும்பினால் உட்காரக்கூட முடியாது. மற்றவர்கள் ஸ்டோர் ரூமில் படுத்துவிடுகிறார்கள். நான் சேன் லசார் ஸ்டேஷனுக்குப் பின்னாலுள்ள தெருக்களில் நடக்கிறேன். அங்கே டப்ளின் சதுக்கம் என்று பல தெருக்கள் வந்து முட்டும் ஓர் இடம். குஸ்தாவ் கய்பொத் 1877-ல் மழைநாள் தெருப் படம் வரைந்தது அந்த இடத்தைத்தான். கட்டடங்கள் கூர்மையான மூக்கை நீட்டிக்கொண்டு இன்னும் அப்படியே நிற்கின்றன.

திங்கள் லீவில் வாட்டர் கலர் வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னேனே, அங்கே டீச்சரம்மா கொடுத்த வேலை இது: பெரிய ஓவியர் ஒருவரின் தெருப் படத்தை எடுத்துக்கொண்டு, அந்த அமைப்பில் அவரவர் ஊர்த் தெருவை வரைய வேண்டும். நான் கய்பொத்தை எடுத்தேன். அந்தப் படம் இருப்பது சிகாகோவில். 2024 கடைசியில் இங்கே ஓர்சே மியூசியத்துக்கு வந்திருந்தபோது பார்த்தேன். ஏழடி உயரம், ஒன்பதடி அகலம். குடைக்குள் ஆணும் பெண்ணும் நம் உயரத்துக்கே நம்மைப் பார்த்து நடந்து வருகிறார்கள், நாம்தான் ஒதுங்க வேண்டும்போல. நட்டநடுவில் ஒரு பச்சை விளக்குக் கம்பம் படத்தை இரண்டாகப் பிளக்கிறது. இவ்வளவு மழையிலும் ஒரு துளிகூட அவர் வரையவில்லை அக்கா. கல் பாவிய தரை பளபளக்கிறது, குடைகள் விரிந்திருக்கின்றன, அவ்வளவுதான், நனைந்துவிடுகிறோம். அந்தச் சமயம்தான் அங்கே புதுச்சேரியில் ஃபெஞ்சல் புயல் வந்து நீங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றீர்கள். எனக்கு இரண்டு மழையும் ஒன்றாகிவிட்டது.

தாத்தா வீடு இருந்த வைசியாள் வீதியைத் தேர்ந்தெடுத்தேன். கோடு போடுவது சுலபம். டச்சுக்காரன் நம் ஊரை வைத்திருந்த 1693-99 காலத்தில் போட்ட சதுரக்கட்டத் திட்டம், தெரு நூல் பிடித்தாற்போலப் போகும். விளக்குக் கம்பத்துக்குப் பதில் நம் மின்கம்பம், ஒயர் சிக்கலோடு. ஆனால் குடை பிடித்து நடந்து வரும் ஜோடியை வைத்ததும் படம் பொய்யாகிவிட்டது. ஐப்பசி மழை பிடித்தால் நம் தெருவில் எவன் நடு ரோட்டில் நடக்கிறான்? பக்கத்துத் தாழ்வாரத்தில் ஏறி நிற்பான். பூக்காரம்மா கூடையோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், சைக்கிளைச் சாய்த்துவிட்டு பால்காரர், எல்லாரும் அங்கேதான். அப்படியே வரைந்தேன். டீச்சரம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "இவர்கள் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்களா?" என்றார். தெருவில் போகிறவர்கள் என்றேன். "வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டாரா?" மரத்தூண் நட்டு, ஓடு வேய்ந்து, அவர்களுக்காகத்தானே கட்டிவைத்தார் என்றேன். 2008-ல் யுனெஸ்கோ விருது வாங்கிய தெரு என்ற பிறகுதான் நம்பினார். இப்போது பல வீடுகளில் தாழ்வாரத்தை இடித்துவிட்டு கிரில் போட்டுவிட்டதை நான் சொல்லவில்லை. அதெல்லாம் இவளுக்கு எதற்கு.

ஆக, கய்பொத் ஆட்களை வைத்த இடம் என் படத்தில் வெறும் ஈரத் தெரு. வாட்டர் கலரில் வெள்ளைப் பெயின்ட் அடிப்பதில்லை, தாளை விட்டுவைப்பதுதான் வெளிச்சம். எந்த இடம் மின்ன வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும், பிறகு மீட்க முடியாது. நடுத் தெருவை அப்படியே காலியாக விட்டேன். பாரீஸ் சாம்பல் நிறத்துக்கு அல்ட்ராமரைன் நீலம் தூக்கலாக வேண்டும். நமக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கூட்டினால்தான் ஓட்டுத் தண்ணீர் ஓடும் செம்மை வருகிறது.

காரியம் ஒன்று: மழை பெய்யும்போது மிஷன் வீதி முனையில் மேற்குப் பார்த்து நின்று ஒரு போட்டோ எடு. மாமா மாடி ஏறி எடுக்கிறேன் என்பார், விடாதே. கண் மட்டத்தில் இருக்க வேண்டும். தூண்களின் அடிக்கல் தெரிய வேண்டும்.

இரண்டு: இங்கே பருத்தித் தாள் ஒரு கட்டு வாங்கினால் என் ஒரு வாரக் காய்கறிச் செலவு போய்விடுகிறது. ஆசிரமத்தின் கைவினைத் தாள் தொழிற்சாலையில் கனமான வெள்ளைத் தாள் கேள். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார். முத்துப்போல் நின்றால் வாங்கு, உடனே உறிஞ்சிவிட்டால் வேண்டாம், அது நிறத்தைக் குடித்துவிடும். பொங்கலுக்கு அங்கே வரும் கீழ்வீட்டு அண்ணன் திரும்பும்போது கொண்டுவருவார். மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டிக் கொடு. பணம் அம்மா மருந்துப் பணத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டேன்.

அன்புத் தம்பி